மாடி போர்ஷன்

பதினாறு ஜிபியில் பத்தை அதற்குக் கொடுத்தான் நூர்தீன்.
எட்டு கோரில் ஆறு.
மிச்சத்தில் நீ ஒதுங்கிக்கொள் என்று
லினக்ஸிடம் சொன்னான்,
வந்தவர்களுக்கு அறையை விட்டுவிட்டுக்
கூடத்தில் பாய் விரிப்பவனைப் போல.

"எமுலேட்டர்தானே?" என்றேன்.
"இல்லடா, போர்ஷன்.
ஒரே கட்டடம், தனி வாசல், தனி மீட்டர்.
உள்ளே இருக்கிறவனுக்கு
இதுதான் முழு வீடு என்று நினைப்பு."

மடிப்பாக்கத்தில் எங்களுடையதும் போர்ஷன்தான்.
யூனிட் பத்து ரூபாய்.
தண்ணீர் ஆறிலிருந்து ஏழு வரை.
கவிச்சி கூடாது என்பது ஒப்பந்தத்தில் இல்லை,
பரந்தாமன் சாரின் மூக்கில் இருக்கிறது.

கார்டு ரிச்சி தெருவில் வாங்கியது, இரண்டாம் கை.
ஒரு விசிறியில் இறக்கை உடைந்து
ஷேர் ஆட்டோ போல உறுமும்.
அதை உள்ளே இருப்பவனுக்கே எழுதிக் கொடுத்தால்
வெளியே இருப்பவனுக்குக் கண் தெரியாது.
திரை கறுத்தது.
ஒரு நிமிடம், ஒன்றரை.
கறுப்பில் எங்கள் இருவர் முகமும்
பின்னால் துணிக் கொடியும் தெரிந்தன.
பிறகு விண்டோஸின் நீலம்,
ஒன்றுமே நடக்காதது போல.

ஆட்டம் இறங்க மூன்று மணி நேரம்.
கீழே மோட்டார் போட்டார்கள், யூபிஎஸ் கத்தியது.
நான் பரோட்டா வாங்கி வந்தேன்.
ஜன்னலைச் சாத்திவிட்டுச் சால்னாவைப் பிரித்தோம்.

ஆரம்பித்த பதினோராவது விநாடியில்
ஆட்டம் முகர்ந்துவிட்டது.
மெய்நிகர் கணினியில் இயங்க அனுமதி இல்லை.
அவ்வளவுதான். ஒரு ஓகே பொத்தான்.
வேறு பொத்தான் கிடையாது.

நூர்தீன் சிரித்தான்.
"போன மே மாதம் ஒன்பது வீடு பார்த்தேனே,
அதே குரல்டா."
கீழ்க்கட்டளையில் அட்வான்ஸ்வரை பேசி முடித்த பிறகு
தம்பி, பேர் என்ன சொன்னீங்க?
வேளச்சேரியில்
நேத்துதான் ஒருத்தர் டோக்கன் கொடுத்துட்டுப் போனார்.
அந்த டூலெட் பலகை இன்னும் தொங்குகிறது,
பஸ்ஸில் போகும்போது காட்டுவான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தேடினான்.
பிராசஸரிடம், நீ யார் வீட்டில் இருக்கிறாய் என்று கேட்குமாம்.
அது வெகுளி, சொல்லிவிடுமாம்.
மதர்போர்டிடம் சொந்த ஊரைக் கேட்குமாம்.
ஹார்ட் டிஸ்க்கிடம் அப்பா பெயரை.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை எழுதி வைத்தான்.
கடைசியாக ஒரு வரி,
பன்னிரண்டு எழுத்துக்குள் ஏதாவது ஒரு பெயர்.

விரல் நின்றது.

வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான்.
நான்தான் அப்போது சொன்னேன்,
உன் பேர் எதுக்கு, வீண் பேச்சு, நான் பாத்துக்கிறேன் என்று.
பெரிய உபகாரம் செய்தவனாக
அன்று இரவு நன்றாகத் தூங்கியும் இருக்கிறேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
சாரங்கபாணி என்று
ஆங்கில எழுத்தில் அடித்தான்.
பதினொன்று. ஒன்று மிச்சம்.

ஆட்டம் திறந்தது.
மழையில் ஒரு மலைச்சாலை.
யார் யாரோ, எந்த ஊரிலிருந்தோ,
நாற்பது கார்கள் உறுமிக்கொண்டு நின்றன.
பட்டியலில் இருபத்தேழாவதாக
நூர்தீன் என்று அவன் பெயர், முழுசாக,
பக்கத்தில் எங்கள் பின்கோடு.

மூன்றாவது வளைவில் கதவைத் தட்டினார்கள்.
பரந்தாமன் சார், டார்ச்சோடு.
"என்னப்பா, ஃபேன் சத்தம் கீழே வரைக்கும் கேக்குது.
உள்ள யாரு, அந்தத் தம்பியா? இன்னும் கிளம்பலையா?"

"கெஸ்ட், சார்" என்றேன்,
ஏழு மாதமாகச் சொல்லும் அதே வார்த்தையை.

திரும்பி வந்தபோது
மற்ற கார்களெல்லாம் போய்விட்டிருந்தன.
நூர்தீன் கீபோர்டிலிருந்து கையை எடுத்திருந்தான்.
அவனுடையது நடுச்சாலையில்
முன்விளக்கு எரிய நின்றது.
அதன் மேல் மழை
விநாடிக்கு அறுபது முறை
பெய்துகொண்டிருந்தது.