சுற்றவாளி

மாளிகாகந்தை நீதவான் மன்றில்
வியாழன் என்றால் நுளம்பு வழக்கு.
தயிர்ச்சட்டி, டயர், சிரட்டை,
கோழிக்குத் தண்ணீர் வைத்த கிண்ணம்.
காலையிலிருந்து இவற்றை
சிங்களத்திலிருந்து தமிழுக்கும்
தமிழிலிருந்து சிங்களத்துக்கும்
சுமந்துகொண்டிருக்கிறேன்.

பதினேழாவது வழக்கு ஒரு நீலப் பீப்பா.

பீப்பாவுக்குச் சொந்தக்காரி மேரி திரவியம்,
கொம்பனித்தெரு.
எங்கள் மன்றுத் தமிழில் அவளுக்குப் பெயர் எதிரி.
யாருக்கு எதிரி என்று
இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எவரும் கேட்டதில்லை.
நானும்தான்.

குற்றவாளியா, சுற்றவாளியா?
கேள்வி நீதவானுடையது. வாய் என்னுடையது.
குற்றமற்றவரை இங்கே சுற்றவாளி என்போம்.
ஒரேயோர் எழுத்துத் தள்ளி நிற்கிறது விடுதலை.

அவள் ஒரு சொல்லில் பதில் சொல்லவில்லை.

“ஐயா, பைப்புல தண்ணி ராவு ரெண்டு மணிக்குத்தான் வரும்.
இருபத்தாறு வீட்டுக்கு ஒரு பைப்.
தனி லைன் கேட்டுப் போனா
வரி நம்பர் இல்லாத வீட்டுக்குத் தர ஏலாதாம்.
பிடிச்சு வைக்காட்டி எதைக் குடிக்கிறது?
மூடி இருந்திச்சு ஐயா, காத்துல பறந்துட்டு.
பக்கத்துல பாதியில விட்ட பில்டிங்,
நிலத்துக்குக் கீழ மூணு மாடி முழுக்கத் தண்ணி.
பொழுது பட்டா அங்கயிருந்துதான் வருது.
பி.எச்.ஐ. மாத்தயாவும் பார்த்தாரு.
கேட்டுல பூட்டு.”

பூட்டு மட்டுமல்ல,
கேட்டில் ஒரு தடையுத்தரவும் தொங்குகிறது.
கம்பனிக்கும் வங்கிக்கும் புதுக்கடையில் வழக்கு.
தீரும்வரை யாரும் உள்ளே போகலாகாது,
பரிசோதகர் உட்பட.
நுளம்புகளுக்கு அந்த உத்தரவு சேர்ப்பிக்கப்படவில்லை.
அந்த வழக்கு ஆங்கிலத்தில் நடக்கிறது.
அங்கே என் போன்றவர்கள் தேவைப்படுவதில்லை.

வரி நம்பர் இல்லாத வீட்டை
அழைப்பாணை எப்படிக் கண்டுபிடித்தது?
கோப்பைப் புரட்டினேன். விலாசத்தில் எழுதியிருந்தது:
‘கோயில் மதிலுக்குப் பின்னால்,
நீலப் பீப்பா உள்ள வீடு.’

அவள் விரல்களுக்கிடையில் இன்னொரு தாள்.
பெரியாஸ்பத்திரி, மகன், வயது பதினெட்டு.
என் பக்கம் தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது.
திங்கள், ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
செவ்வாய், அறுபத்து நாலாயிரம்.
நேற்று முப்பத்தோராயிரம்.
இரத்தத்தில் எதை எண்ணுகிறார்கள் என்று
இந்த நகரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
இன்றைய கட்டம் காலி.
வராவிட்டால் பிடியாணை என்று வந்திருக்கிறாள்.

நீதவான் பேனாவால் மேசையைத் தட்டினார்.
நல்ல மனுஷர்.
போன வருஷம் இதே காய்ச்சலோடு
தனியார் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தவர்.
நுளம்பு விஷயத்தில் அவருக்கு இரக்கமில்லை,
அதுவும் நியாயம்தான்.
“என்ன சொல்கிறார்?” என்றார் என்னிடம்.

நான் அவள் பக்கம் குனிந்தேன்.
குற்றவாளி என்றால் தண்டம் கட்டிவிட்டு
பதினொரு மணிக்குள் போகலாம்.
சுற்றவாளி என்றால் பிணை, இன்னொரு தவணை,
அதற்குப் பிறகும் ஒரு தவணை.
இதைச் சொல்வது என் வேலை இல்லை.
சொன்னேன்.

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.
“வார்டுல பன்னண்டுக்குத்தான் உள்ள விடுவாங்க,”
என்றாள், கடிகாரத்திடம்.
பிறகு என்னிடம், குற்றவாளி.

தண்ணீர், காற்று, மதில், மூன்று மாடி இருட்டு,
எல்லாவற்றையும் ஒரு சொல்லுக்குள் மடித்து
சிங்களத்தில் ஒப்படைத்தேன்.
பிழையில்லாத மொழிபெயர்ப்பு.

தண்டம் மூவாயிரம்.
வழக்குப் பொருளை அழிக்க உத்தரவு.

காசாளர் பற்றுச்சீட்டில்
விலாசம் கேட்டிருப்பார்.
பீப்பா இல்லாத அந்த வீட்டுக்கு
அவள் என்ன பெயர் சொல்லியிருப்பாள்?

தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை.
பதினெட்டாவது வழக்கைக் கூப்பிட்டார்கள்.
ஒரு பூச்சாடி.