பொது நாட்குறிப்பில் ஏறாதது

மேட்டூர் திறந்து பதினேழாம் நாள்
கடைமடைக்கு வந்தது தண்ணீர், நுரையும் செத்தையுமாக.
அதன் பின்னாலேயே நனைந்த காலோடு
உத்திராபதி.
மாசியில் புதைத்த ஆள்.
பந்தோபஸ்துக்கு நானே நின்றேன்.

யாரையும் கடிக்கவில்லை.
நாய்கள்கூட மறுநாளே குரைப்பதை விட்டன.
நாற்றை மிதிக்காமல் வரப்போடு வரப்பாக நடந்து
இறால் பண்ணைக் கம்பிவேலிக்கு வெளியே
விடிய விடிய நிற்பார்கள்.
ஆறாம் நாள் பதினொரு பேர்.
காத்தாயிக்கு வாய்க்கரிசியை
யாரோ நெல்லாகவே போட்டிருக்க வேண்டும்,
உதட்டோரம் பச்சையாக முளைவிட்டிருந்தது.

"பிணத்தின் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?
தூக்கிப் போட்டு மூடுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.
மூடினோம்.
கோரையாற்று மண், ஈரம். ராத்திரியே திறந்துகொண்டது.

டார்ச் அடித்து ஒவ்வொருவராகப் பார்த்தேன்.
முகம் அழிந்திருந்தது. இடது கட்டைவிரல் அழியவில்லை.
எல்லோருக்கும் நீலம்.
மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டிய உடம்பில்
மை எப்படி மிஞ்சும்?
குளிப்பாட்டிய பிறகு வைத்தால் மிஞ்சும்.

பண்ணை ஆபீஸ் இழுப்பறையில் பதினொரு கிரய ஒப்பந்தம்.
பதினொன்றிலும் சாவுக்கு முந்தின நாள் தேதி.
ரேகை ஒவ்வொன்றும் அவ்வளவு சுத்தம்.
உயிருள்ள கை கொஞ்சமாவது நடுங்கும்.
ரேகையின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கீறல்,
மைப்பெட்டியின் துணி கிழிந்திருந்தால் விழுவது.

அந்தக் கிழிசலை எனக்குத் தெரியும்.
ஸ்டேப்ளர் பின் மாட்டி, போன தீபாவளிக்கு, என் மேசையில் கிழிந்தது.
"அரைமணி நேரம் குடுங்க ஏட்டையா" என்பார்
புரோக்கர் அம்பலவாணன், ஒவ்வொரு சாவுக்கும்.
எதற்கு என்று நான் கேட்டதில்லை.
சாயங்காலம் வீட்டுக்கு
ஒரு கிலோ இறால் வந்துவிடும், பெரிய சைஸ்.

இன்றிரவு வேலிப்பக்கம் யாரும் போகவில்லை.
ஸ்டேஷன் வாசல் குழாயில்
ஒருவர்பின் ஒருவராகக் கால் கழுவும் சத்தம்.

உத்திராபதி பெஞ்சில் உட்காரவில்லை.
உயிரோடு வந்தபோதும் உட்கார்ந்ததில்லை.
பேர் என்றேன். தகப்பன் பேர் என்றேன். எழுதினேன்.
எதிரி பேர் என்றதும்
பதில் சொல்லாமல் என் மேசையைப் பார்த்தான்.

கைநாட்டுதானே என்று
மைப்பெட்டியை அவன் பக்கம் தள்ளினேன்.
அதை ஒதுக்கி வைத்துவிட்டு
வலது கையை நீட்டினான்,
பேனாவுக்கு.