நூற்றெழுபத்தொன்றாம் நாள்

பலெண்டின் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்:
"ஆடு ஈன மாட்டேன் என்கிறது. வயிறு தரையைத் தொடுகிறது."
அவனுடைய ஆங்கிலத்தில் எல்லாமே நிகழ்காலம்.

ஐடஹோவில் ஜனவரி.
சங்கிலி கட்டிய டயர்கள் பனியை மென்றுகொண்டு போக
என் மடியில் கத்திப் பெட்டி, ஃபார்மலின் புட்டி,
முந்தின இரவு முடிக்காமல் விட்ட சண்டை.

செம்மறிக்கு நூற்றைம்பது நாள் கணக்கு.
கிடாய்களை விட்ட தேதியை
மலைமேல் ஆஸ்பென் பட்டையில் கீறி வைத்திருக்கிறான்:
ஆகஸ்ட் மூன்று. பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர்.
பெயரைப் பற்றி நான் கேட்கவில்லை.

தாய் பிழைக்கவில்லை.
இரண்டு பீப்பாய்மேல் பலகை போட்டு அறுத்தோம்.
உள்ளே இருந்தது இரண்டு குட்டியின் எடைக்கு ஒரு குட்டி,
சுருள்மயிர் தழையத் தழைய,
நெற்றி நடுவே ஒற்றைக் கண்.
அந்தக் கண் அழகாக இருந்தது.
அதை எழுத அறிக்கையில் கட்டம் இல்லை.

மூளையைத் தூக்கி அடியில் பார்த்தேன்.
பிட்யூட்டரி உட்காரும் எலும்புப் பள்ளத்துக்குச்
சேணம் என்று பெயர்.
சேணம் தட்டையாய்க் கிடந்தது.
ஏற வேண்டியவன் வந்திருக்கவே இல்லை.

மிளகளவு ஆள்தான்.
ஆனால் தாய் பட்டினி கிடந்தால்,
தொப்புள்கொடியில் மூச்சு மெலிந்தால்
பதறிக்கொண்டு இரத்தத்தில் ஒரு வரி எழுதுகிறவன் அவன்.
சிறுநீரகத்தின் தலைமேல் குந்தியிருக்கும் அட்ரீனல்
அதைப் படித்துவிட்டுக் கார்டிசால் சுரக்கும்.
நாள் நெருங்க நெருங்க
ஆபத்து இல்லாவிட்டாலும் எழுதுவான்,
கடன் கொடுத்தவன் கடிதம் போடுவது போல
ஒன்றன்மேல் ஒன்றாய்.
அதில்தான் நுரையீரல் பழுக்கும்.
அதில்தான் தாய்க்கு நோவு எடுக்கும்.

தாய்தான் தள்ளுகிறாள் என்றே இருந்தேன் நான்,
முப்பத்தாறு வயதுவரை, பட்டம் வாங்கிய பிறகும்.

இந்தக் குட்டிக்குப் பதறத் தெரியாது.
பனி விழுந்தது, தீவனம் குறைந்தது,
நூற்றைம்பது வந்து போனது.
அது பாட்டுக்கு வளர்ந்தது.
ஞாயிறுதோறும் எங்கள் சபையில்
சமாதானம் கேட்டு முழங்கால் இடுவோம்.
அன்று அதைத் தராசில் வைத்தேன்:
ஒன்பதரைக் கிலோ.

கிடாய் சேர்ந்த பதினாலாம் நாள் எங்கே மேய்ந்தன?
பலெண்டின் தொப்பியைக் கழற்றினான்.
மேலே, சதுப்பில். ஒரே ஒரு நாள்.
சோளம் போல் இலை விடுமே, அந்தக் காட்டு லில்லி.
மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கிறது, அது மட்டும்...
"பச்சையாக இருந்தது" என்றான்.
அவன் வாயில் நான் கேட்ட
முதல் இறந்தகாலம்.

கிளம்பும்போது கொட்டகைக்குள் கூப்பிட்டான்.
அதே சதுப்பில் மேய்ந்த இன்னொரு ஆடு
சரியான நாளில் இரட்டை ஈன்றிருக்கிறது.
ஒன்றுக்கு ஒற்றைக் கண்; அந்த மணிக்குள்ளேயே போய்விட்டது.
மற்றது இதோ,
வாளிச் சத்தத்துக்கு ஒரு துள்ளல்,
என் நிழலுக்கு ஒரு கத்தல்,
கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கூட நடுக்கம்.
இது உள்ளிருந்து தட்டிய தட்டலில்
தட்டத் தெரியாததும் சேர்ந்து வெளியே வந்திருக்கிறது.

"எதற்கெடுத்தாலும் பயப்படுகிறது. விற்றுவிடவா?"
விற்காதே என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

வீடு சேர ஒன்பது மணி.
விரல்கள் மரத்திருந்தன, ஃபார்மலின் நாற்றம் போகவில்லை.
சாவி கையில்தான் இருந்தது.
தட்டினேன்.
உள்ளே ஆர்வல்
வானொலியை நிறுத்தினான்.