சீமெந்து

விரிசலை அடைத்தவன் நான்தான்.
இரண்டாயிரத்து ஒன்பது, முதல் பனிக்கு இரண்டு நாள் இருக்க
ஹார்ட்வேர் கடையில் கழிவு விலைக்கு இரண்டு மூட்டை.
கையுறை போட்டு, முழங்காலில் நின்று பூசினேன்.
படம் எடுத்தார்கள். வடை தந்தார்கள்.
காளாஞ்சி எனக்குத்தான் முதலில்.

ஹார்லன் க்ராஸிங்கில் ரயில் நிற்பதில்லை.
சஸ்காச்சுவான் வரைபடத்தில் மடிப்பு விழும் இடம்.
மூடிக்கிடக்கும் செங்கல் தொழிற்சாலைக்குப் பின்னால்
ஒருவர் குனிந்து நுழையலாம்
வைரவர் கோயிலுக்குள்.
அடி முதல் முடி வரை சுட்ட மண்.

சூளையில் இரவு வேலை பார்த்த அருளம்பலம்
எண்பத்தாறில், கழித்துப் போட்ட கற்களால் கட்டியது.
சுவர்ப் பலகைகளில்
கோதுமை அறுக்கும் இயந்திரம் உண்டு,
வரிசை பிசகிய வாத்துகள் உண்டு,
பனிச்சப்பாத்தைக் கழற்ற முடியாமல்
ஒற்றைக்காலில் துள்ளும் ஒருவர் உண்டு.
வைரவரின் நாய்க்கு
ஹஸ்கியின் சுருண்ட வால்.

பத்து மாரி போனது.
சீமெந்து அசையவில்லை.
அதன் இருபக்கத்து மண்தான் உதிர்ந்தது.
உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை,
உறைந்தது, வீங்கியது, தள்ளியது.
முதலில் வாத்துகள். பிறகு அந்த ஆளின் முகம்.
நான் பூசிய கோடு மட்டும்
மெலிந்த கையின் நரம்புபோல
வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பக்கத்துக் காணிக்காரன் ஓரெஸ்ட்
வைக்கோல் கட்டு இறக்க வந்தவன், விரலால் தடவிப் பார்த்து,
"எங்கள் தேவாலயத்திலும் இதே கூத்துதான்" என்றான்.
"சுவருக்கு மூச்சு வேணும்.
சுண்ணாம்பு வாங்கு. அவசரப்படாதே.
உனக்கு அவசரம் என்று முகத்திலேயே தெரியுது."

மாகாண மரபுரிமை அலுவலகத்துப் பெண்
படிவத்தில் கேட்டார்: கட்டடத்தின் வயது?
முப்பத்தெட்டு.
ஐம்பது ஆகவேண்டுமே, இன்னும் பன்னிரண்டு வருடம் பொறுங்கள்,
என்றார் சிரிக்காமல்.
நாங்கள் பொறுப்போம். மண்ணிடம் யார் சொல்வது?

ஆனி மாதம் ரெஜைனாவிலிருந்து
பல் வைத்தியர் நிர்மலகாந்தி வந்தார்,
பழைய கருவிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு.
"உளியைத் தூர வையுங்கோ அண்ணை.
இது வேர்ச் சிகிச்சை."
ஒரு மணித்தியாலத்துக்கு மூன்று விரற்கடை.
நாயின் தாடைக்கு வந்தபோது பழக்கத்தில்
"கொஞ்சம் ஆவெண்டு திறவுங்கோ" என்றார்.
எனக்கு ஆகக்கீழ் மூலையைத் தந்தார்,
பிழைத்தாலும் கண்ணில் படாத இடம்.

அந்த மூலையில்தான், நான்காம் நாள்,
என் சீமெந்துக்கு அடியில்
ஈர மண்ணில் ஆணியால் கீறி, பிறகு சுட்ட எழுத்து.
கோயிற் சுவர்களில் என்ன எழுதுவார்கள்?
இத்தனை வேலி நிலம், இத்தனை ஆடு,
அணையா விளக்குக்கு இவ்வளவு நெய்,
சந்திராதித்தர் உள்ளவரை.
இங்கே:
இந்தக் கிழமையும் சம்பளம் தரவில்லை.

செயலாளருக்குப் பிடிக்கவில்லை.
சந்நிதியில் சம்பளக் கதையா, மேலால் மெல்லிசாக ஒரு பூச்சு...
கூட்டங்களில் வாய் திறக்காத நான் எழும்பி
ஒருமுறை மூடினேன், போதும் என்றேன்.
குரல் உடைந்தது. ஓம், அதற்கும் யாரோ படம் எடுத்தார்கள்.

இப்போது தை. மைனஸ் முப்பத்தொன்று.
கோயிலைச் சுற்றி ஓரெஸ்டின் வைக்கோல்,
மேலே இரண்டு தார்ப்பாய், அதற்கும் மேலே காற்று.
நித்திரை வராமல் கிடந்து
இங்கிருந்து கேட்காத சத்தத்துக்குக் காது கொடுக்கிறேன்.
சுண்ணாம்பு இளகின சாமான்.
கல்லுக்கு முன்னால் அதுதான் வெடிக்கும்.
வெடிக்கட்டும், அதற்காகத்தானே பூசியது.
பனி கரைய, சுரண்டி எடுத்து மறுபடி பூசவேண்டும்,
அடுத்த வருடமும், அதற்கடுத்ததும்.

வாளி கராஜில் இருக்கிறது.
மூடியை இறுக்கித்தான் வைத்தேன்.
எதற்கும் போய் ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன்.