குண்டூசி வரைபடம்

புந்தா அரேனாஸில் கோடையிலும் கம்பளிதான்.
வெயில் இங்கே
சொல்லாமல் வந்து
தேநீர் ஆறுமுன் எழுந்துபோகும் விருந்தாளி.

மருத்துவமனையின் பின்கட்டில்
கொதிகலன் அறையை ஒட்டி என் மேசை.
பதினொரு வருடமாகத்
தோல் புற்றுக்கு நான்தான் கணக்குப்பிள்ளை.
பெயரை மறைத்து அனுப்புவார்கள்.
வயது, தொழில், ஊர்,
உடம்பில் எந்த இடம்.
எழுதி முடித்துச் சுவர் வரைபடத்தில்
ஒரு குண்டூசி.

ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்களுக்குப் பின்கழுத்து;
குனிந்தே கழிந்த டிசம்பர்கள்.
லாரி ஓட்டுநர்களுக்கு இடது காது, இடது முழங்கை.
நண்டுப் படகுக்காரர்களுக்குக் கீழுதடு:
வானம் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்
திருப்பித் திருப்பிச் சுட்ட ரொட்டி.
"இந்தக் குளிரில் எப்படிச் சுடும்?"
கேட்காதவர் இல்லை.
காற்று நன்றாகப் பொய் சொல்லும்.
தலைக்குமேல் வானம் மெலிந்துபோன வசந்தங்களில்
நானும் தொப்பியில்லாமல்தான் திரிந்தேன்.

கணக்கு ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது,
எடெல்மிரா காரிமானின் அட்டை வரும்வரை.
(அவள் பெயரை மட்டும் மறைக்க மறந்திருந்தார்கள்.)
மீன் ஆலையில்
ரப்பர் பூட்ஸுக்குள் இருபத்தாறு வருடம் நின்றவள்.
இடம்: வலது உள்ளங்கால்.
வெயில் எட்டிக்கூடப் பார்க்காத இடம்.
கால் ஆணி என்று நினைத்தாளாம்.
பிளேடால் சீவிச் சீவி எறிந்தாளாம்
இரண்டு குளிர்காலம்.

"இது வேறு வகை,
சூரியன்மேல் பழி போடாதே" என்றார் டாக்டர்.
பெட்டியில் வேறு நிற ஊசி இல்லை.
கறுப்பு நூல் சுற்றிக் குத்தினேன்.

குத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான்
வெற்றிடங்களைப் பார்த்தேன்.
கால்வாய்களுக்கு அப்பால் தீவு தீவாக
ஓர் ஊசிகூட இல்லை.
"பாதிப்பு மிகக் குறைவு."
என் கையெழுத்தில், ஒன்பது அறிக்கைகளில்.
தோல் மருத்துவர் அங்கே போவது
வருடத்துக்கு ஒருமுறை,
கடல் சம்மதித்தால்.
யாரும் பார்க்காத உடம்புக்கு
என் கணக்கில் நோயே வருவதில்லை.

பத்தாவது அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.
அந்த வரியை அடித்துவிட்டேன்.
பதிலுக்கு என்ன எழுதுவது என்று
இன்னும் தெரியவில்லை.

இரவு, தோமிஸ்லாவின் மடியில் காலை நீட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து
மேசை விளக்கைத் தரைக்கு இறக்கி
விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்த்தான்.
"ஒன்றுமில்லை. ஏன் இப்படி நெளிகிறாய்?"
கூச்சம் என்றேன்.
சற்று நேரம் பேசாமல் இருந்தான்.
பிறகு
தன் காலுறையைக் கழற்றத் தொடங்கினான்.