குமிழி

மூன்றாவது முறையும்
தலைகீழாய்த் திரும்பி நின்ற அந்த நொடியில்தான்
என்ஜினுக்கு மூச்சு முட்டியது.
சத்தம் மெலிந்தது, கூர்மையாகிக் கீச்சிட்டது,
பிறகு சத்தமே இல்லை.

மோட்ரிஸ் எப்படியோ நிமிர்த்திவிட்டான்.
விசிறி வெறுங்காற்றில் சுழன்று சுழன்று இறங்க,
புல் முளைத்த கான்கிரீட்டில்
ஒரு தட்டு, ஒரு துள்ளல்.
ஒன்றும் உடையவில்லை.
ஓடுபாதை ஓரத்து நாரை தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி தவளை தேடப் போனது.

ரூயியெனாவுக்கு வெளியே
ராணுவம் விட்டுப்போன ஓடுபாதை.
ஜூன் ஞாயிறு. பத்து மணிக்கும் இருட்டாத வானம்.

"ஊசி வால்வு" என்றான். இரண்டு கிளிக் திறந்தான்.
அடுத்த வாரம் "பிளக்" என்றான்.
அதற்கடுத்த வாரம்
நைட்ரோ கலந்து விற்ற லித்துவேனியாக்காரனை
அம்மா அப்பா வரை இழுத்துத் திட்டினான்.

நான் புல்லில் குப்புறப் படுத்து
தொட்டியிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும்
சிலிக்கான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு சாண்கூட இல்லாத கண்ணாடி நரம்பு.
ஊதா எரிபொருளுக்கு நடுவே
வெண்கடுகு போல ஒன்று.
பின்னால் இன்னொன்று.
பிறகு ஒரு கோவை.

வாரத்துக்கு நான்கு இரவு
வல்மியெரா மருத்துவமனையில்
டயாலிசிஸ் இயந்திரங்களுக்கு நடுவே நிற்பவள் நான்.
அங்கே இப்படி ஒரு கோவை வந்தால்
இயந்திரம் அலறும், கவ்வி தானாகக் குழாயைக் கடிக்கும்,
நான் ஓடுவேன்.
குமிழியைக் காட்டி
வாழ்க்கை நிலையில்லாதது என்பவர்கள் சொல்லட்டும்.
எனக்குக் குமிழி என்பது
பின்னிரவு இரண்டு மணிக்கு
ஸ்கைத்ரிடே அம்மாளின் ரத்தம் ஓடும் கூண்டை
நகத்தால் சுண்டிச் சுண்டி
மேலே ஏற்றவேண்டிய ஒன்று.

"காற்றைக் குடிக்கிறது" என்றேன். "தொட்டி நுரைக்கிறது."

அவன் பால் லாரி ஓட்டுகிறவன்.
பாதி நிறைந்த டாங்கர் வளைவில் என்ன செய்யும் என்பது
அவன் முதுகெலும்புக்கே தெரியும்.
என்னை ஒருமுறை பார்த்தான்,
குழாயை ஒருமுறை பார்த்தான்,
திட்டுவதை நிறுத்தினான்.

முதலில் என் யோசனை.
காலாவதியான ஒரு துளிக்கூண்டை
வார்டிலிருந்து கொண்டுவந்து நடுவே பொருத்தினோம்.
இரண்டு ஞாயிறு நன்றாகப் பறந்தது.
மூன்றாவதில், மெத்தனால் குடித்த பிளாஸ்டிக்
கோழி எலும்பாய் விறைத்து மூட்டில் வெடித்தது.
அவன் சட்டையெல்லாம் விளக்கெண்ணெய்.
சிரித்தோம் என்று சொல்ல ஆசைதான்.
வீடு சேரும்வரை அவன் பேசவில்லை.

பிறகு சின்னத் தொட்டி ஒன்று வாங்கினான்,
உள்ளங்கைக்குள் அடங்குவது.
பெரியதிலிருந்து சின்னதுக்கு, சின்னதிலிருந்து என்ஜினுக்கு.
பெரியது குறையக் குறையக் கூத்தாடட்டும்.
சின்னது எப்போதும் கழுத்துவரை நிறைந்திருக்கும்,
தளும்ப இடமில்லை அதற்கு.
அடியில் இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு, நடுக்கம் ஏறாமலிருக்க.
உள்குழாயின் நுனியில் நுண்துளை வெண்கலக் குண்டு,
எரிபொருள் எந்தப் பக்கம் விழுந்தாலும்
கூடவே விழ.
பின்சுவரில் அது முட்டக்கூடாது;
குழாயை ஒரு நெல்லளவு குறைத்து வெட்டவேண்டும்.
கத்தியை என்னிடம் நீட்டினான்.
குழாய் விஷயத்தில் மட்டும்
அவன் என்னை நம்புகிறான்.

ஜூலைக் கடைசியில் ஒரு மாலை.
ஏற்றினான், கவிழ்த்தான், கவிழ்ந்தபடியே நிறுத்தினான்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பதில் எண்ணுவதை விட்டேன்.
வெள்ளைப் புகை மட்டும்
ஒரே தடிப்பில் வந்துகொண்டிருந்தது.

இறங்கியதும் முதலில் தொட்டியைத்தான் பார்த்தேன்.
சின்னதின் உச்சியில்
பட்டாணி அளவு ஒரே ஒரு குமிழி.
எங்கும் போகாமல், அங்கேயே.
மோட்ரிஸ் மூடியில் பென்சிலால்
"பதினோரு நிமிடம்" என்று எழுதினான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு பணிக்குப் போகுமுன்
மூன்று முறை கைகழுவினேன்.
ஸ்கைத்ரிடே அம்மாள் மூக்கைச் சுளித்தாள்:
"யார் வீட்டில் எண்ணெய் தீய்ந்தது?"
நான் நகத்தால் கூண்டைச் சுண்டினேன்.
சிவப்புக்குள்ளிருந்து ஒன்று
மெல்ல மேலே வந்தது.