முடிவு: அட்டையின் உட்பக்கம்

ஆதம்லெப்பையின் தராசில் ஏழரைக் கிலோ.
பள்ளிக் கொப்பிகள், லொத்தர் முடிவுகள்,
யாரோ கல்யாணத்தில் மிஞ்சிய அழைப்பிதழ்கள்.
நடுவே, அட்டை இல்லாமல்,
'நீலவானி', அறுபத்தொன்று, கார்த்திகை.
"தோலுரிச்ச சாமான், இத சும்மா எடுங்க" என்றார்.
அதற்காகத்தான் மிச்சம் ஏழு கிலோவுக்கும்
காசு கொடுத்தேன் என்பது
அவருக்கும் தெரியும் போல.

நாற்பத்தோராம் பக்கத்தில்
மெயில் ரயிலுக்குக் காத்து நிற்கிறாள் பத்மாசனி.
கையில் உடைக்காத கடிதம்.
உடைக்கிறாள்.
கீழே பொடி எழுத்தில்:
'முடிவு அட்டையின் உட்பக்கம்.'

நாலு வருஷம்.

மண்டூரில் மீட்டர் வாசிக்கப் போன வீட்டில்
கிருபைராணி அலுமாரியைத் திறந்து
பழைய பில் தேடினாள்.
கதவின் உள்ளே ஒட்டியிருந்தது:
மஞ்சள் குடை, பிளாட்பாரம்,
ஒரு செருப்புக் கழன்ற கால்,
உதட்டை விட்டு அரை நூல்
விலகி அச்சான சிவப்பு.
யூனிற் எண்ணை இரண்டு தரம் பிழையாக எழுதினேன்.

"படத்த மட்டும் கேட்டா எப்பிடிகா?
பெரியம்மா மாப்பசையில ஒட்டினது.
உரிச்சா தூளாப் போகும்.
வேணுமெண்டா அலுமாரியோட கொண்டு போங்க."

முதிரை. எட்டுப் பேர் தூக்கவேணும்,
மூன்று பேர்தான் இருந்தோம்.
பாதையில் ஏற்றினோம்.
வாவி நடுவில் காற்றுக்குக் கதவு திறந்து
குடைக்காரி வெளியே பார்த்தாள்.
சைக்கிளோடு நின்ற பையன்
கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டான்.
"உள்ளுக்கு ஆள் இருக்கா?" என்றார் பாதைக்காரர்.
"ஒருத்தி" என்றேன்.

களுவாஞ்சிகுடி வந்து சேர இருட்டிவிட்டது.
நளாயினி ஒன்றும் கேட்கவில்லை.
தன் சாறிகளைக் கொண்டுவந்து அடுக்கினாள்.
என் முந்நூற்றுப் பன்னிரண்டு இதழ்களும்
கட்டிலுக்குக் கீழேயே கிடக்கட்டும்
என்று அதற்கு அர்த்தம்.

வெந்நீர்த் துணியை ஒற்றி ஒற்றி உரித்தால்
படம் போகும், முடிவு வரலாம்.
வராமலும் போகலாம்.
பிளேட் ஒன்று வாங்கி மேசை லாச்சியில் போட்டேன்.
இன்னும் தாள் சுற்றியபடியே கிடக்கிறது.

நேற்று கரண்ட் போனது.
டோர்ச்சைக் கதவோடு சரித்துப் பிடித்துப் பார்த்தேன்.
ஈய எழுத்து ஆழமாகக் கடிக்கும்;
பின்பக்கத்து வரிகள் படத்தின் மேல்
இடம் வலம் மாறி, தழும்பு தழும்பாய்
எழும்பி நின்றன.
குடையில் பாதி வரி. கழுத்தில் ஒரு புள்ளி.
நளாயினியைக் கூப்பிட்டேன்.
முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே பிடித்தாள்.

முழங்காலுக்குப் பக்கத்தில்
ஒரு சொல்லின் கடைசி மட்டும் தெரிந்தது,
வாலை உள்ளே சுருட்டிய
பழைய 'னா' வைத்து:
'…னாள்.'

"ஏறினாள்" என்றாள் நளாயினி, யோசிக்காமல்.
"திரும்பினாள்" என்றேன்.
"கடிதத்த வாசிச்ச பிறகுமா?"

நான் பதில் சொல்ல முதல் கரண்ட் வந்துவிட்டது.
வெளிச்சத்தில் தாள் மட்டமாகிப் போனது.
அவள் நாளைக்குக் கட்ட
நீலச் சாறி ஒன்றை உருவி எடுத்து,
கதவைச் சாத்தினாள்.